பாரிமுனை முதல் ராமேஸ்வரம் வரை கண்ணாடிப் பெட்டியோடு

பிப்ரவரி 4, 2025, செவ்வாய். சென்னை, பாரிமுனை

தெருவில் வாழ்கிறவர்களின் கண்ணைப் பார்த்து அங்கேயே கண்ணாடி கொடுக்க வேனில் ஊர் ஊராகப் போகிறோம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் இரவு எட்டு மணிக்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் கிடைக்காது. கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் நடைபாதை வீடாகிறது. மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், பழைய பேப்பர் சேர்க்கிறவர், பூ கட்டுகிறவர் எல்லோரும் அதற்கு மேல்தான் திரும்புகிறார்கள். காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்று பேனர் கட்டி நடத்தும் இலவசக் கண் முகாமுக்குத் தெருவில் வாழ்கிறவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த நேரம் கூலிக்கான நேரம்.

வேனில் இருப்பது இவ்வளவுதான்: மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் டிரையல் லென்ஸ் பெட்டி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் அளக்கும் ரெட்டினாஸ்கோப் இரண்டு (ஒன்றின் பல்பு போனால் இன்னொன்று), தானாகப் பவர் காட்டும், கையில் பிடிக்கும் ஆட்டோ ரெஃப்ராக்டர், விழித்திரை பார்க்கும் ஆஃப்தல்மாஸ்கோப், நீல வடிகட்டி போட்ட டார்ச், கருவிழிப் புண்ணைக் காட்டும் ஃப்ளோரசின் சாயத் தாள்கள், சர்க்கரை பார்க்கும் கருவி. மீதி இடமெல்லாம் கண்ணாடி. வெள்ளெழுத்துக் கண்ணாடியை எல்லா பவரிலும் சம எண்ணிக்கையில் ஏற்றினால் பாதி வழியில் மாட்டிக்கொள்ள நேரிடும். நூறு கண்ணாடி என்றால் +1.00 எட்டு, +1.50 பதினெட்டு, +2.00 இருபத்தேழு, +2.50 முப்பது, +3.00 பன்னிரண்டு, +3.50 ஐந்து. தெருவில் நாற்பது வயதுக்காரர் கண்ணாடி கேட்டு வருவது குறைவு. வருகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம்.

ஆறு மீட்டர் நீளத்துக்குத் தடையில்லாத நடைபாதை பாரிமுனையில் ஏது? மூன்று மீட்டருக்கென்று அச்சிட்ட பலகையைத்தான் மாட்ட வேண்டும். ஆறு மீட்டர் பலகையை மூன்றில் மாட்டிவிட்டு மனக்கணக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் நெருக்கும்போது அந்தக் கணக்கு தவறும். எழுத்து தெரியாதவர்களுக்காக ஆங்கில ஈ எழுத்தை நான்கு பக்கமும் திருப்பி அச்சிட்ட பலகை. கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். பலகைக்குத் தனியாக பேட்டரி விளக்கு அவசியம். தெருவிளக்கை நம்பினால் அடுத்த பஸ் வந்து நிற்கும்போது நிழல் விழுந்து 6/12 (நல்ல பார்வைக்காரர் பன்னிரண்டு மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில்தான் படிக்கிறார் என்று அர்த்தம்) பார்த்தவர் 6/24 ஆகிவிடுவார். ஒரு கண்ணை மூடச் சொல்லும்போது உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்ல வேண்டும். விரலால் அமுக்கி மூடினால் அந்தக் கண்ணுக்கு முறை வரும்போது ஒரு நிமிடம் மங்கலாகவே இருக்கும்.

அதன் பிறகு பின்ஹோல். கறுப்பு அட்டையில் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில் ஓட்டை. வெறுங்கண்ணால் 6/36 படித்தவர் ஓட்டை வழியாக 6/9 படித்தால் கோளாறு பவரில், கண்ணாடி போதும். ஓட்டை வழியாகவும் 6/36தான் என்றால் புரையோ, விழித்திரையோ, நரம்போ. இந்த ஒரு அட்டை வரிசையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. முதல் வரிசைக்கு இன்றிரவே கண்ணாடி. இரண்டாவது வரிசைக்கு டார்ச், ஆஃப்தல்மாஸ்கோப், பரிந்துரைச் சீட்டு.

"இன்றிரவே" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவெடுத்துக்கொண்டு "அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறோம்" என்றால் அந்தக் கண்ணாடி போய்ச் சேராது. அடுத்த வாரம் அவர் வால்டாக்ஸ் சாலையில் இருக்கலாம், தாம்பரத்தில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம். போலீஸ் எழுப்பிவிட்டதில் எங்கே போனார் என்று பக்கத்தில் படுத்தவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பூ கட்டும் அம்மா ஒருவருக்கு வயதைப் பார்த்து +2.50 கொடுத்தால் வேண்டாம் என்று கழற்றிவிட்டார். "கிட்ட நல்லாத் தெரியுது கண்ணு, நான் அவ்வளவு கிட்ட வச்சு கட்ட மாட்டேனே" என்றார். அவர் சொன்னது சரியான அளவு. +2.50 என்பது கிட்டத்தட்ட நாற்பது சென்டிமீட்டரில் தெளிவு தரும் பவர். மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஐம்பது சென்டிமீட்டரில் கட்டுகிறவருக்கு +2.00 தான் சரி. நின்றபடி குனிந்து பிளாஸ்டிக், இரும்பு என்று பிரிக்கிறவருக்கு +1.50 கூடப் போதும். படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்து "தெரிகிறதா" என்று கேட்பதைவிட, உங்கள் வேலையைச் செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு கண்ணுக்கும் கைக்கும் நடுவே டேப் பிடிப்பது நல்லது.

முடியும்போது மணி பதினொன்றே கால். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸான அத்தோ, எண்பது ரூபாய். பிளேட்டை வாங்கும்போதே வாழைத்தண்டு சூப் கேட்காமல் வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன். சென்னை, எழும்பூர்

காலை ஐந்தரைக்கு ஒரு இரவுக் காப்பகம். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதில் நூறு பேருக்காவது இடம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவுகோல். காப்பகத்தில் பார்ப்பதற்கும் தெருவில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தைப் போடலாம்.

தெருவில் அதைப் போடக் கூடாது. டிராபிகமைடு என்ற அந்தச் சொட்டை விட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவருக்கு அது தொந்தரவு மட்டும்தான். நடைபாதையில் இருப்பவருக்கு அது ஆபத்து. சாலை கடக்கும் வேகம் புரியாது, ரூபாய் நோட்டு புரியாது, இரவில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முகம் தெரியாது. காப்பகத்தில்கூட அன்றைக்கு வேலைக்குப் போகாதவர்களுக்கு மட்டும்தான். விடுவதற்கு முன் டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கருவிழிக்குக் குறுக்கே அடித்துப் பார்க்க வேண்டும். மூக்குப் பக்கத்துப் பாதி நிழலில் கிடந்தால் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன்னறையின் ஆழம் குறைவு. சொட்டு விட்டால் கண் அழுத்தம் திடீரென ஏறும் அபாயம் உண்டு. அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

காப்பகங்களில் மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் கணிசம். முப்பத்தைந்து வயதில் "படிக்க முடியவில்லை" என்று வந்தால் வெள்ளெழுத்து என்று முடிவு கட்டுவதற்கு முன் மாத்திரை அட்டையைக் கேட்க வேண்டும். மனநோய் மாத்திரையால் வரும் நடுக்கத்துக்காகக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் கண்ணின் குவிக்கும் தசையைத் தளர்த்திவிடும், கிட்டப் பார்வை மங்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. அது மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதுவரை ஒரு +1.00 அல்லது +1.50 கொடுத்தால் படிக்க முடியும்.

சர்க்கரைக்கும் இதே கவனம். விரலில் குத்திப் பார்த்து 350, 400 என்று காட்டினால் அன்றைக்கு அளந்த பவர் பொய். சர்க்கரை ஏறும்போது கண்ணின் லென்ஸ் தன்மை மாறிக் கிட்டப்பார்வை பக்கம் சாயும், மருந்து ஆரம்பித்துக் குறையும்போது எதிர்ப்பக்கம் போகும். சர்க்கரை சீராகி நாலு முதல் ஆறு வாரம் கழிந்த பிறகு எடுக்கும் அளவுதான் நிற்கும். "எல்லாருக்கும் குடுத்தீங்க, எனக்கு மட்டும் இல்லையா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். அவரிடம் பக்கம் பக்கமாக விளக்குவதில் பயனில்லை. கையிருப்பில் இருப்பதில் இன்றைக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, மாறப்போகிறது என்று சொல்லி, காப்பகப் பொறுப்பாளரின் நோட்டில் தேதி எழுதுவதுதான் வழி. ஐம்பது, அறுபது ரூபாய்க் கண்ணாடி அது. வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை வரமாட்டார்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. கண் அழுத்த நோய்க்கு வெண்விழியில் சிறு துளையிடும் அறுவையைப் பரப்பிய ராபர்ட் ஹென்றி எலியட் இங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். பின்ஹோல் கைகொடுக்காதவர்களைச் சென்னையில் அனுப்ப இதைவிடப் பக்கத்தில் இடமில்லை. அனுப்பினால் மட்டும் போதாது, கூட ஆள் போக வேண்டும். தனியாகப் போனவர் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையிலேயே பெயர், வயது, முகவரி என்ற மூன்றாவது கேள்வியில் திரும்பிவிடுகிறார்.

அம்மா உணவகத்தில் இட்லி இன்னும் ஒரு ரூபாய்தான். ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு வேன் கிளம்பியது. முன்பனிக் காலம், வெயில் ஏறுமுன் காற்று இதமாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன். திருவண்ணாமலை

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை. முகவரி இல்லாதவர்களுக்கு முகவரி எழுத இதைவிட வசதியான ஊர் இல்லை. "நிருதி லிங்கம் எதிரே, புளியமரத்தடி", "வாயு லிங்கத்துக்கு முன் டீக்கடைத் திண்ணை" என்று எட்டு லிங்கங்களும் பதிவேட்டில் ஏறிவிடும். மற்ற ஊர்களில் மேம்பாலத் தூண் எண்தான் முகவரி.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருப்பதால் கூட்டம் இல்லை, சாமியார்கள் ஓய்வாக இருந்தார்கள். அவர்களிடம் பேச்சு ஆரம்பிக்கும் விதமே வேறு. நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சாமி, டார்ச் அடிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் முகத்துக்கு நேராகக் கை போகலாம். தூங்குகிறவரை எழுப்புவதில்லை. இருவர் மூவராகச் சூழ்ந்து நிற்பதும் இல்லை. பல வருடம் தெருவில் இருந்தவருக்கு, சூழ்ந்து நிற்பவர்கள் என்றால் அப்புறப்படுத்த வந்தவர்கள் என்றுதான் அர்த்தம்.

பகல் வெளிச்சத்தில் கையடக்க ஆட்டோ ரெஃப்ராக்டர் மக்கர் செய்தது. கண்பாவை சுருங்கிவிடும், வெயில் சென்சாரில் விழும், எண் ஒவ்வொரு முறையும் மாறும். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தாலும் புரை ஏறிய கண்ணில் அது எண்ணே தராது. ரெட்டினாஸ்கோப்பை எடுத்து மரத்தடி நிழலில் அறுபத்தேழு சென்டிமீட்டரில் உட்கார்ந்து நிழலசைவைப் பார்த்து, கிடைத்த எண்ணில் ஒன்றரையைக் கழித்தால் முடிந்தது. கை சற்று முன்னே போய் ஐம்பது சென்டிமீட்டர் ஆகிவிட்டால் கழிக்க வேண்டியது இரண்டு. அதனால் ரெட்டினாஸ்கோப்பின் கழுத்தில் அறுபத்தேழு சென்டிமீட்டர் நூல் ஒன்று கட்டியே இருக்கிறது. இந்த நூலுக்கு பேட்டரி வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம்.

நன்கொடையாக வந்த பழைய கண்ணாடிகள் இரண்டு அட்டைப்பெட்டி கிடைத்தன. கொடுக்கிறவர்களுக்கு நல்ல மனசு, வாங்குகிறவர்களுக்குத் தலைவலி. ஒவ்வொன்றையும் கழுவி, பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்து, இரண்டு கண் பவரும் சிலிண்டரும் (ஒரு திசையில் மட்டும் வரும் மங்கலைத் திருத்தும் பவர்) அச்சும் (அந்தத் திசை) குறித்து, கீறல் இல்லாததைப் பொறுக்கினால் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்திலும் ஒருவருடைய வலது −2.25, இடது −3.50, சிலிண்டர் 90 டிகிரி என்பது இன்னொருவர் கண்ணுக்கு அப்படியே பொருந்த வேண்டும். அந்த உழைப்புக்கு ஆகும் ஆள்கூலியில் புதுக் கண்ணாடியே வாங்கிவிடலாம். ஃபிரேம்களை மட்டும் எடுத்துக்கொண்டோம், திருகாணிகளுக்காக.

பவர் பொருந்துவதில் வட்ட ஃபிரேமுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வேனில் இருப்பது முன்பே வட்டமாக வெட்டிய லென்ஸ். அதில் சிலிண்டர் அச்சைக் குறித்து, ஃபிரேமுக்குள் வைத்து, வேண்டிய டிகிரிக்குக் கையால் சுழற்றித் திருகை இறுக்கினால் பத்து நிமிடத்தில் கண்ணாடி தயார். தேய்க்கும் இயந்திரம் வேண்டாம். தொல்லையும் அதே வட்டத்தில்தான். திருகு தளர்ந்தால் லென்ஸ் சுழலும், அச்சு போய்விடும், தலை சுற்றுகிறது என்று கழற்றி வைத்துவிடுவார்கள். ஆகவே திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. அதற்கு மேல் தளரவில்லை. இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் அரை பவருக்குள், சிலிண்டர் முக்காலுக்குள் என்றால் இவ்வளவும் தேவையில்லை, ரெடிமேட் கண்ணாடியே போதும்.

மாலையில் ஒரு சிவந்த கண். மூன்று வாரமாக உறுத்தல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து கையில். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்தது. ஃப்ளோரசின் தாளை நனைத்து இமைக்குள் தொட்டு நீல விளக்கு அடித்ததும் கருவிழியில் பச்சையாகப் புண் தெரிந்தது. வைக்கோலோ முள்ளோ பட்ட கண்ணில் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கம் சாதாரணம். தென் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருபவை. அதில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் முதல் இரண்டு நாள் சிவப்பு குறையும், எரிச்சல் அடங்கும், உள்ளே புண் ஆழமாகும். ஸ்டீராய்டை நிறுத்தி, கண்ணைத் துணியால் கட்டாமல், கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி மட்டும் ஒட்டி, அன்றிரவே ஆஸ்பத்திரி. சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் மருந்து. பூஞ்சை என்றால் நாட்டமைசின் ஐந்து சதவீதம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை. மரத்தடியில் இருப்பவரால் அது முடியாது, அட்மிஷன்தான் வழி. சாமியார் முதலில் மறுத்தார். திரிசூலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும் வேனில் ஏறிக்கொண்டார்.

அன்னதானத்தில் தக்காளி சாதம், தையல் இலையில். அன்னதானம் நடக்கும் நேரத்தில் கண் பரிசோதனை வைப்பது வீண். வரிசையை விட்டு யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

பிப்ரவரி 8, சனி. திருச்சி

+2.50 தீர்ந்துவிட்டது. மேலச்சிந்தாமணிப் பக்கம் மொத்தக் கடை ஒன்றில் கிடைத்தது, ஆனால் மெட்டல் ஃபிரேம் மட்டும். தெருவில் படுப்பவருக்கு மெட்டல் ஃபிரேம் சரிவராது. தலைக்கடியில் வைத்துப் புரண்டால் வளையும், வியர்வையில் மூக்குத் தாங்கி பச்சை பூக்கும். நைலான் ஃபிரேம்தான் நிற்கும். பெட்டி கொடுத்தால் பெட்டி இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சுருக்குப்பைக்குள் போகும் அளவுக்கு மெல்லிய துணி உறையும், கழுத்தில் மாட்ட ஒரு கயிறும் போதும். கயிறு நடுவில் இழுத்தால் கழன்றுவிடும் ரகமாக இருக்க வேண்டும். சண்டையில் கழுத்துக் கயிறு பிடி கொடுக்கும்.

மத்தியப் பேருந்து நிலையத்திலும் ஸ்ரீரங்கத்திலும் பார்த்ததில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. வெயில் மதியத்தில் உறைத்தது. கண்ணாடி போட்டுவிடுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துத் தரமுடியுமா என்று பண உதவி செய்தவர் ஒருவர் போனில் கேட்டார். முடியாது. குடும்பத்தை விட்டு ஓடிவந்தவர், வழக்குக்குப் பயந்தவர், ஊரில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருப்பவர் என்று எத்தனையோ பேர் இங்கே. கண்ணாடி எண்ணிக்கையும் பவர் பட்டியலும் அனுப்பலாம். முகம் அனுப்பக் கூடாது.

பிப்ரவரி 9, ஞாயிறு. மதுரைச் சாலை

தைப்பூசத்துக்கு இரண்டு நாள். கொட்டாம்பட்டிப் பக்கம் பழனிக்கு நடக்கிறவர்கள் சாரி சாரியாக. வழியில் மோர், பானகம், வெண்பொங்கல் எல்லாம் கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறார்கள். வேனை நிறுத்திய எங்களுக்கும். பாதயாத்திரை முடிந்தும் ஊர் திரும்பாமல் கோவில் வாசலிலேயே தங்கிவிடுகிற முதியவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு என்று பந்தலில் சாம்பார் ஊற்றிய அண்ணன் சொன்னார். பழனி அடிவாரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும், ஆனால் பூசத்தின்போது அல்ல.

பிப்ரவரி 10, திங்கள். மதுரை

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கியதும் இங்கேதான். முகாமில் புரை என்று கண்டவரை அன்றே பஸ்ஸில் ஏற்றி, மருத்துவமனையில் அறுவை செய்து, சாப்பாடு போட்டுத் திருப்பி ஊரில் இறக்கிவிடும் முறை இந்த ஊர் நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த முறையில் கடைசி வரி "ஊரில் இறக்கிவிடுதல்". இறங்க ஊர் இல்லாதவரை என்ன செய்வது என்பதுதான் இன்றைய நாள் முழுவதும்.

பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்த்ததில் முற்றிய புரை நிறைய. பாவை முழுக்க வெள்ளை, கை அசைவு மட்டும் தெரியும். இவர்களை அனுப்புமுன் இரண்டு சோதனை. டார்ச்சை மேல், கீழ், இடது, வலது என்று நான்கு பக்கத்திலிருந்தும் காட்டி வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது. நான்கும் சரியாகச் சொன்னால் விழித்திரை வேலை செய்கிறது, அறுவைக்குப் பலன் உண்டு. ஒரு பக்கம் தெரியவில்லை என்றால் எதிர்பார்ப்பை முன்கூட்டியே குறைத்துச் சொல்ல வேண்டும். அடுத்து, டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடிப்பது. மோசமான கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது பாவை சுருங்காமல் விரிந்தால் நரம்பில் கோளாறு. கள்ளச்சாராயத்தில் மெத்தனால் குடித்துப் பிழைத்தவர்களிடம் நிலைமை வேறு. அவர்களுக்கு இரண்டு கண் நரம்பும் ஒருசேரக் கெடுவதால் மாற்றி அடித்து வித்தியாசம் தெரியாது. இரு பாவையும் மந்தமாக இருக்கும், உள்ளே பார்த்தால் நரம்பு வெளுத்திருக்கும். வலியும் சிவப்பும் சேர்ந்த வெள்ளைப் புரை என்றால் காத்திருக்க முடியாது. பழுத்த லென்ஸ் கசிந்து அழுத்தம் ஏறியிருக்கும், நாளைக்கு என்பதே தாமதம்.

அறுவை சின்னது. முற்றிய புரைக்குத் தையலில்லாச் சிறு கீறல் முறை, கைதேர்ந்தவருக்குச் சில நிமிடம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். முதல் வாரம் தினம் ஆறு தடவை சொட்டு, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஆறு வாரம் வரை. கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தூசி படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கிச் சாப்பிடுகிறவரிடம் கனம் தூக்காதே என்றால் சாப்பாட்டுக்கு வழி சொல்ல வேண்டும். ஆகவே முறை தலைகீழாக்கப்படுகிறது: முதலில் காப்பகத்தில் படுக்கை உறுதி, பிறகுதான் அறுவைத் தேதி. குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஆறு வாரம். சொட்டு விடும் பொறுப்பு காப்பகத்தில் ஒருவருக்கு, பெயர் எழுதிக் கையெழுத்து. இரண்டு கண்ணும் மோசம் என்றாலும் ஒரு சமயத்தில் ஒரு கண்தான். காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும், இவர்களிடம் இரண்டும் இருக்காது. இலவச முகாம் வழியாக, காப்பகப் பொறுப்பாளரின் கடிதத்தோடு போவதுதான் நடக்கிற காரியம். கூட இருக்கும் ஆள் கேட்டால் அதே காப்பகத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் வருகிறார். மதுரைக்காரர்கள் அதற்குத் தயங்குவதில்லை. "அண்ணே, நான் இருக்கேன்ல, கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்று முன்பின் பழக்கமில்லாதவருக்காக ஒருவர் இரண்டு நாள் கூலியை விட்டார்.

மறுப்பவர்களும் உண்டு. கண்ணை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. அவர்களிடம் டாக்டர் பேசுவதைவிட, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு அதே நடைபாதையில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். அப்படிப்பட்டவர்கள் யார், எந்த இடம் என்று பதிவேட்டில் தனியாகக் குறித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

இரவு பருத்திப்பால், சுக்கு தூக்கலாக.

பிப்ரவரி 12, புதன். ராமேஸ்வரம்

பாம்பனில் புது ரயில் பாலம் அப்போது திறந்திருக்கவில்லை, 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை ரயில்கள் மண்டபத்தோடு நின்றன, தீவுக்குச் சாலைதான். பௌர்ணமி என்பதால் அக்னி தீர்த்தத்தில் நெரிசல். காற்றுக்குப் பலகை நிற்கவில்லை. மணல் மூட்டை கட்டிப் பார்த்தோம், ஸ்டாண்டே சாய்ந்தது. கடைசியில் மண்டபச் சுவரில் செலோ டேப் போட்டு ஒட்டியதுதான் நின்றது.

மற்ற ஊர்களில் அதிகம் காணாதது இங்கே வரிசையாக வந்தது: மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் முக்கோணமாக ஏறும் சதை. வெயில், உப்புக்காற்று, மணல் மூன்றும் சேர்ந்த ஊரில் வருடக்கணக்காகத் திறந்த வெளியில் இருந்தால் இது வரும். கருவிழியின் ஓரத்தில் இருக்கும்வரை அறுவை தேவையில்லை, கண்ணீர் போன்ற சொட்டும் கூலிங் கிளாஸும் போதும். நடுப்பாவையை நெருங்கினால், அல்லது இழுத்து இழுத்து சிலிண்டர் பவர் ஏறினால் வெட்ட வேண்டும். வெறுமனே வெட்டினால் திரும்ப வளரும். மேலிமைக்கு அடியில் வெண்விழியின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டினால்தான் அடங்கும். சதை இருக்கும் கண்ணுக்குச் சிலிண்டர் அளந்து கண்ணாடி கொடுக்கும்போது, சதையை எடுத்த பிறகு அந்தப் பவர் மாறும் என்று சீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

கூலிங் கிளாஸ் என்றால் கறுப்பாக இருந்தால் போதாது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத மலிவுக் கறுப்புக் கண்ணாடி பாவையை விரியவைத்து இன்னும் அதிகக் கதிரை உள்ளே விடக்கூடும். யுவி 400 என்று முத்திரை உள்ளது மொத்தத்தில் எழுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டால் பிச்சை விழாது என்று இரண்டு பாட்டிகள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நியாயமான கணக்கு. விளிம்பு அகலமான துணித்தொப்பி கொடுத்தோம், அதை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த தடவை லேசான பழுப்பு நிற லென்ஸ் எடுத்துவர வேண்டும்; யுவி தடுப்புக்கும் நிறத்தின் அடர்த்திக்கும் சம்பந்தமில்லை.

மதிய வெயிலுக்குப் பிறகு மீன் சாப்பாடு, நூற்று ஐம்பது ரூபாய், சங்கரா வறுவலோடு. பரிமாறியவர் எங்கள் ரெட்டினாஸ்கோப்பைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னதும் தன் பங்குக்கு ஒரு இடம் காட்டினார்: தனுஷ்கோடி சாலையோரம் வலை பின்னும் பெரியவர்கள், வீடு என்று ஒன்றும் இல்லாமல் படகு நிழலில் தங்குகிறவர்கள். வலைக்கண் அளவைப் பொறுத்து +2.50, +3.00 வேண்டியிருக்கும். +3.00இல் கையிருப்பு நான்குதான்.

திரும்பும் வேலைப் பட்டியல் இப்படி நிற்கிறது. மதுரையில் அறுவை செய்துகொள்பவர்களை ஏழாம் நாள் பார்க்க வேண்டும், ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி அளவு எடுக்க வேண்டும். அப்போது அவர்கள் காப்பகத்தில் இருப்பார்கள் என்பதால் தேதி சொல்லலாம். எழும்பூரில் சர்க்கரைக்காரர்களை மார்ச் கடைசியில். திருவண்ணாமலையில் புண் வந்த கண்ணை ஆஸ்பத்திரியில் விசாரிக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் கண்ணாடி மூக்கின் மேல் ஏறிவிட்டது, அதில் பாக்கி இல்லை. உடைந்தால் மாற்றிக்கொள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு டீக்கடையில் பத்து ரெடிமேட் கண்ணாடி, பவர் எழுதிய பொட்டலமாக வைத்திருக்கிறோம்; ராமேஸ்வரத்துக்கு மட்டும் இன்னும் கடை அமையவில்லை, நாளை காலை பார்க்க வேண்டும்.